வளர்ப்புப் பாம்பின் கண் மங்கினால்: கொழும்பில் வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

பாம்பின் கண் மங்கலாகத் தெரிகிறது என்று பதறுபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கையை எடுங்கள், டோர்ச்சை எடுங்கள். பாம்புக் கண் கோளாறுகளில் தானாகச் சரியாகக் கூடியவை பல. வளர்ப்பவர் நகத்தாலும் சாமணத்தாலும் நோண்டியதால் பாழான கண்களோ திரும்பி வருவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் ‘செய்யுங்கள்’ என்பதைவிட ‘செய்யாதீர்கள்’ என்பது சற்றுக் கூடுதலாக வரும்.

கொழும்பில் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் போல் பைதன் (ball python), கோர்ன் ஸ்நேக் (corn snake) போன்ற நஞ்சற்ற வெளிநாட்டு இனங்கள் என்பதால் அவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன். தோட்டத்தில் அகப்பட்ட சாரையையோ வெங்கிணாந்திக் குட்டியையோ தூக்கி வந்து வைத்தியம் பார்ப்பதற்கான வழிகாட்டி அல்ல இது. வெங்கிணாந்தி சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம். அதைவிட, வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியன் குட்டியைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. காயப்பட்ட காட்டுப் பாம்பைக் கண்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

நீங்கள் பார்ப்பது கண்ணை அல்ல

பாம்புக்குத் திறந்து மூடும் இமை இல்லை. கருவில் வளரும்போதே மேலிமையும் கீழிமையும் ஒன்றாக இணைந்து, ஒளிபுகும் ஒரு செதிலாகி விழியை மூடிவிடுகின்றன. கைக்கடிகாரத்தின் முகப்புக்கு மேல் கண்ணாடி இருப்பதுபோல அந்தச் செதில் அசையாமல் நிற்க, விழி அதற்கடியில் அசைகிறது. இதைக் கண்செதில் என்று அழைப்போம். கண்செதிலுக்கும் விழியின் முன்புறத்து ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்துக்கும் நடுவில் மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. கண்ணுக்குப் பின்னாலுள்ள ஹார்டர் சுரப்பியின் நீர் அதை நிரப்புகிறது. அந்த நீர் ஒரு நுண்ணிய குழாய் வழியாக மேலண்ணத்துக்கு இறங்கி வாய்க்குள் வடிகிறது.

நோயறிதலின் பாதி இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து விடும் சொட்டு மருந்து கண்செதிலின் மேல் உருண்டு வழிந்துவிடும், விழியைத் தொடாது. வாய்க்குள் இருக்கும் தொற்றோ அதே குழாய் வழியாக மேலேறிக் கண்ணுக்கு வந்துவிடும். கண்செதில் தோலின் பகுதி என்பதால், பாம்பு சட்டை உரிக்கும்போது அதன் மேற்படையும் சேர்ந்து உரிய வேண்டும், உரியாவிட்டால் சிக்கல். இன்னொன்றும் உண்டு. நம் கண்ணில் தூசி விழுவதுபோல ஆரோக்கியமான கண்செதில் உள்ள பாம்பின் விழியில் தூசி விழ வழியில்லை. ‘தூசி விழுந்திருக்கும், கழுவிவிடலாம்’ என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய் என்று நம் பாட்டிமார் கண்ணோய்க்கு வைத்திருந்த பட்டியலைப் பாம்பிடம் கொண்டுபோகாதீர்கள். பாமசியில் கிடைக்கும் மனிதக் கண்சொட்டும் அப்படித்தான். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு என்றால், கண்செதிலில் கீறலோ கிழிசலோ இருக்கும் இடத்தில் உள்ளே இறங்கித் தொற்றை வளர்த்தும் விடலாம்.

முதல் படி: ஒரு கண்ணா, இரண்டு கண்ணா?

இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நீலம் கலந்த சாம்பல் நிறமாக மங்கியிருந்தால், உடல் நிறமும் சோர்ந்திருந்தால், வயிற்றுப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால், பாம்பு சட்டை உரிக்கத் தயாராகிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் சுரக்கும் திரவம்தான் அந்த நீலம். சில நாள்களில் கண் மறுபடி தெளிந்துவிடும். தெளிந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் சட்டை கழலும். முதல் மங்கலிலிருந்து உரிப்பு வரை ஒன்று அல்லது இரண்டு வாரங்கள். இடையில் கண் தெளிந்ததைப் பார்த்து ‘மருந்து கேட்டது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. மருந்து விட்டிருக்காவிட்டாலும் தெளிந்திருக்கும்.

இந்த நாள்களில் பாம்புக்குப் பார்வை மங்கியிருப்பதால் சாதுவான பாம்பும் சீறும், கொத்தும். தூக்காதீர்கள். இரை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பி, பாம்பு ஒளிந்துகொள்ள ஈரமான ஒளிவிடம் ஒன்று வைத்துவிட்டு விலகியிருங்கள்.

ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால், வீங்கியிருந்தால், நிறம் மாறியிருந்தால் அது உரிப்பு அல்ல. உரித்து முடிந்த பிறகும் இரண்டு கண்ணும் மங்கலாகவே இருந்தாலும் அது உரிப்பு அல்ல. இந்த இரண்டு நிலைகளில் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பரிசோதனை

அறை விளக்கைக் குறைத்துவிட்டு, டோர்ச்சை நேராக அல்லாமல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் ஒளியில் கண்செதில் பளபளத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். சாய்ந்த ஒளியில் சுருக்கம், கீறல், குழிவு, படலத்தின் ஓரம் ஆகியவை தெரியும். இரண்டு கண்களையும் ஒரே தூரத்தில் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். பிறகு மேலிருந்து தலையைப் பாருங்கள். ஒரு கண் மற்றதைவிடப் புடைத்திருந்தால் அந்தக் கோணத்தில்தான் முதலில் பிடிபடும்.

அடுத்து, கண்ணைச் சுற்றிய ஓரம். கண்செதில் மற்றச் செதில்களைத் தொடும் வளையத்தில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் இருக்கின்றனவா? இருந்தால், ஈரமான வெள்ளை டிஷ்யூவால் உடலை ஒருமுறை வழித்து, டிஷ்யூவில் ஏதாவது ஊர்கிறதா என்று பாருங்கள்.

பிறகு வாய். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழக்கப்பட்ட பாம்பானால் உதட்டோரத்தை மெதுவாக விலக்கி ஈறைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இரை விழுங்கிய பின் கொட்டாவி விடும் நேரத்துக்குக் காத்திருக்கலாம். சிவந்த ஈறு, இரத்தப் புள்ளிகள், பாலாடைக்கட்டி போன்ற வெள்ளைப் படிவு, நூலாக இழுபடும் எச்சில் ஆகியவை வாயழுகலின் அடையாளங்கள். வாயழுகலும் கண் வீக்கமும் ஒன்றாக இருந்தால் வேர் பெரும்பாலும் வாயில்தான்.

கடைசியாக, கழற்றிய சட்டை. அதைத் தூக்கி எறியாதீர்கள். தலைப்பகுதியைத் தண்ணீரில் நனைத்து விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண்ணிருந்த இரண்டு இடங்களிலும் ஒளிபுகும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் இருந்தால் கண்செதில்கள் சரியாக உரிந்துவிட்டன. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் பழைய படலம் பாம்பிலேயே தங்கியிருக்கிறது.

படலம் தங்கிவிட்டால்

மிகப் பரவலான கோளாறு இதுதான், மிக அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுதான். தங்கிய படலம் கண்ணுக்கு வெள்ளிப்பூச்சுப் போன்ற மங்கலைத் தரும். ஓரம் சுருங்கி எழும்பி நிற்கும். இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. போல் பைதன்களில் கண்செதில் குழிந்து, நசுங்கியதுபோலத் தெரிவதுண்டு. அது படலம் அல்ல. பெரும்பாலும் உடலில் நீர் குறைந்ததாலோ காற்று உலர்ந்ததாலோ வருவது. குழிந்த கண்செதிலைப் படலம் என்று நினைத்து உரித்தால் உயிருள்ள செதிலையே கிழித்துவிடுவீர்கள்.

கிழிந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இமையும் இமைப்பும் இல்லாத விழிவெண்படலம் காற்றில் உலரும், புண்ணாகும், தொற்று உள்ளே இறங்கும், முழு விழியையும் அகற்ற வேண்டிவரும். ஒட்டும் டேப்பால் இழுப்பது, சாமணத்தால் கிள்ளுவது, நகத்தால் சுரண்டுவது என்று இணையக் காணொளிகளில் வரும் வித்தைகள் எல்லாம் இந்த அபாயத்தின் மேல்தான் நடக்கின்றன.

செய்ய வேண்டியது மெதுவான வேலை. மூடியுள்ள, காற்றுத்துளை இட்ட பிளாஸ்டிக் பெட்டியில் 28 முதல் 30 பாகை செல்சியஸ் சூடுள்ள தண்ணீரைப் பாம்பின் உடற்பருமனில் பாதி உயரத்துக்கு ஊற்றி, 20 முதல் 30 நிமிடங்கள் பாம்பை அதில் விடுங்கள். தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் ஈரமான துணியைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பு தானாகவே அதனூடாக ஊர்ந்து போகட்டும். படலம் கழலும் நிலையில் இருந்தால் துணியோடு வந்துவிடும். வராவிட்டால், மருந்து எதுவும் கலக்காத செயற்கைக் கண்ணீர்க் களிம்பை நனைத்த பஞ்சுக்குச்சியால் கண்செதிலின் மேல் மெல்லப் பூசி, சில நாள்கள் தொடர்ந்து ஈரமான ஒளிவிடத்தில் விடுங்கள். அதற்கும் அசையவில்லையா? அடுத்த உரிப்பு வரை காத்திருங்கள். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு இரண்டு படலமும் சேர்ந்து கழன்றுவிடும். இரண்டாவது உரிப்பிலும் தங்கினால், அல்லது படலத்துக்கடியில் வீக்கமோ நிறமாற்றமோ தெரிந்தால் மிருக வைத்தியர் எடுக்கட்டும்.

படலம் ஏன் தங்கியது என்று கேட்காமல் இதை முடிக்கக் கூடாது. கடலோரக் கொழும்பின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, வெளிக்காற்று படும் அறையில் போல் பைதனுக்குத் தேவையான 55 முதல் 65 சதவீத ஈரப்பதம் எளிதில் கிடைத்துவிடும். பிறகு எப்படி வெள்ளவத்தையில் ஒரு பாம்பின் கண் உலர்கிறது? தொடர்மாடி வீடுகளில் பாம்புப் பெட்டி இருப்பது படுக்கையறையில். படுக்கையறையில் இரவு முழுக்க ஏசி. ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியே வடிக்கிறது. அதன்மேல் வலைமூடியும் வெப்ப விளக்கும் சேர்ந்தால் பெட்டிக்குள் வரட்சிதான். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வெளிக்காற்றும் உலர்ந்திருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஈரப்பதமானியை அறைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள், பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். தும்புத் தூளை அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் அதே தும்புத் தூள் சொதசொதவென்று ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது வயிற்றுச் செதில்களில் கொப்புளம் வரும். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரமே போதும்.

கண்ணோரத்துக் கரும்புள்ளிகள்

பாம்புகளுக்கென்றே ஓர் உண்ணி இருக்கிறது, ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இரத்தம் குடித்தால் கறுத்துத் திரளும். கண்ணோர வளையம், தாடையடி, செதில் இடுக்குகள் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பாம்பு தண்ணீர்ப் பாத்திரத்திலேயே சுருண்டு கிடப்பதும், பாத்திரத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள் கிடப்பதும் முதல் தடயங்கள். கண்ணோரம் வீங்கி, உரிப்பு குழம்பி, படலம் தங்குவதற்கு இந்த உண்ணியும் ஒரு காரணம்.

கண்ணோரத்தில் இருப்பவற்றுக்கு அதே செயற்கைக் கண்ணீர்க் களிம்பைப் பஞ்சுக்குச்சியால் வளையத்தில் தடவினால் மூச்சடைத்துச் சாகும், வழித்து எடுத்துவிடலாம். ஆனால் உண்ணி முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல, பெட்டியின் மூலை முடுக்குகளில். நம் வெப்பத்தில் முட்டை முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரங்களே போதும். எனவே தும்புத் தூள், மரத்துண்டு எல்லாவற்றையும் கட்டி எறிந்துவிட்டு, பெட்டியைச் சுடுநீரால் கழுவி, வெள்ளைத் தாள் மட்டும் விரித்து, அதைத் தவறாமல் மாற்றி, குறைந்தது ஆறு வாரங்களுக்குக் கண்காணிக்க வேண்டும். மருந்து என்றால் மிருக வைத்தியர் சொல்லும் அளவில் ஃபிப்ரோனிலைத் துணியில் நனைத்து உடலைத் துடைப்பது வழக்கம். தலையில் படக் கூடாது. அதே வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள் கவனிக்க: பாம்புக்கு வைத்தியர் தரும் ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்து ஆமையைக் கொன்றுவிடும்.

நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பாம்புப் பெட்டிக்குள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். உண்ணி சாகலாம், பாம்பும் சாகலாம். டெங்குப் புகையடிக்க ஆட்கள் தெருவுக்கு வரும் நாளில் பெட்டியை உள்ளறைக்கு நகர்த்தி, யன்னலை மூடி, புகை அடங்கும் வரை வைத்திருங்கள்.

வீக்கம்: இங்கே வீட்டு வைத்தியம் இல்லை

ஒரு கண் பலூன்போலப் புடைத்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. கண்செதிலுக்கடியில் தெளிந்த நீர் நிறைந்து, விழி உள்ளே வழமைபோலத் தெரிந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது, நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. மஞ்சளாகவோ வெண்மையாகவோ கலங்கி விழியே மறைந்திருந்தால் சீழ். சீழ் பெரும்பாலும் வாயிலிருந்து ஏறியது. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல ஓடாது. கட்டியாக உறையும். அதனால் தானாக வடியும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. ஊசியால் குத்திப் பார்ப்பது அதைவிட மோசம்.

வைத்தியர் செய்வது இது. மயக்கம் கொடுத்து, கண்செதிலின் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய 30 பாகை ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வெட்டி எடுப்பார். சீழை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, இடைவெளியைக் கழுவிச் சுத்தம் செய்வார். சொட்டு மருந்துக்குப் பயன் உண்டென்றால் இந்த வெட்டு திறந்திருக்கும் நாள்களில்தான் உண்டு. கூடவே ஊசி மருந்தாக நுண்ணுயிர்க்கொல்லி. செஃப்டசிடிம் போன்றவற்றைப் பாம்புக்கு 72 மணித்தியாலங்களுக்கு ஒருமுறைதான் போடுகிறார்கள், அவ்வளவு மெதுவான உடல் அது. நாய்க்குத் தரும் கணக்கு இங்கே பொருந்தாது. வெட்டிய இடம் அடுத்தடுத்த உரிப்புகளில் மூடிக்கொள்ளும். குழாய் நிரந்தரமாக அடைபட்டிருந்தால் வாய்க்குள் புதிய வடிகால் அமைக்கும் அறுவை தேவைப்படலாம்.

மருந்து வேலை செய்ய வெப்பம் வேண்டும். குளிர்ந்த பெட்டியில் கிடக்கும் பாம்பின் நோயெதிர்ப்பும் மந்தம், மருந்து பரவுவதும் மந்தம். போல் பைதனுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை வரை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்கட்டும். சிகிச்சைக் காலத்தில் ஏசியை மறந்துவிடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

கீறலும் காயமும் பெரும்பாலும் உயிருள்ள எலியை இரையாகப் போட்டதன் பலன். பாம்பு பசியில்லாமல் படுத்திருந்தால் எலி பாம்பைக் கடிக்கும், கண்ணையும் கடிக்கும். உறையவைத்து இளக்கிய எலியே போதும். வலைமூடியில் மூக்கைத் தேய்த்தும், காப்பு இல்லாத வெப்ப விளக்கில் ஒட்டியும் வரும் காயங்கள் உங்கள் பெட்டியின் குறை. இரத்தம் தெரியும் எந்தக் கண்ணும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

வயதான பாம்பின் விழிக்குள், வில்லையில், வெண்மை திரண்டால் கண்புரை. வலியில்லை, அவசரமில்லை. பாம்பு தலையை வானத்தை நோக்கித் திருப்பி அப்படியே நின்றால், புரட்டிவிட்டால் நிமிர முடியாவிட்டால், கண்மணிகள் அளவில் மாறுபட்டால், கோளாறு கண்ணில் அல்ல, நரம்பில் இருக்கலாம். போவா, பைதன் இனங்களில் இது தொற்றும் வைரஸ் நோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் உடனே மற்றப் பாம்புகளிலிருந்து பிரித்துவிடுங்கள்.

விற்றமின் ஏ வாங்கிக் கொடுக்காதீர்கள். அது ஆமை வளர்ப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம். முழு எலியை விழுங்கும் பாம்புக்கு அதன் ஈரலிலேயே போதிய அளவு கிடைத்துவிடுகிறது.

வைத்தியரிடம் போகும் வழி

பாம்பென்றால் படையும் நடுங்கும். நாய் பூனைக்காகவே நடக்கும் சிகிச்சை நிலையங்களில் முன்னறிவிப்பின்றிப் பையை அவிழ்த்தால் நீங்கள் வாசலிலேயே நிற்க நேரிடலாம். முதலில் தொலைபேசியில் பேசுங்கள். ‘ஊர்வனவற்றைப் பார்ப்பீர்களா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘பாம்புக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவம் இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். கண்செதிலை வெட்டும் சிகிச்சைக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். கொழும்பில் கை விரித்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் அது. ஏ1 வீதியில் 110 கிலோமீற்றர் அளவு தூரம்.

பாம்பைப் பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு, உறையைக் கட்டி, அதைக் காற்றுத்துளையுள்ள பெட்டிக்குள் வைத்து, விடியற்காலையில் கிளம்புங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம் தேநீருக்காக விட்டுப் போகாதீர்கள். பஸ்ஸில் கொண்டுபோவதைப் பற்றிச் சக பயணிகள் சார்பில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மயக்கம் தேவைப்படலாம் என்பதால் அதற்கு முந்திய வாரத்தில் இரை போடாதீர்கள். கடைசியாகக் கழற்றிய சட்டை, கண்ணின் படங்கள் நாள்வரிசையில், பெட்டியின் வெப்பமும் ஈரப்பதமும் குறித்த தாள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பாம்பை இந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும். ‘பேப்பர்’ இல்லாத பாம்பை வாங்கிவிட்டு, கேள்வி வருமோ என்ற பயத்தில் சீழ் கோத்த கண்ணோடு மாதக்கணக்கில் வீட்டிலேயே ஒளித்து வைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பது பாம்பு. ஆவணம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

முழுக் கண்ணையும் எடுக்க நேர்ந்தாலும் பாம்பு அதோடு முடிந்துவிடுவதில்லை. இரையைத் தேடுவதில் நாவும், அது கொண்டுவரும் வாசனையை அறியும் யாக்கப்சன் உறுப்பும் கண்ணைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. பைதன்களுக்கு உதட்டோரத்தில் வெப்பம் உணரும் குழிகளும் உண்டு. தையல் ஆறும் வரை வெள்ளைத் தாள் விரிப்பு மட்டும் போதும், குளிக்க விட வேண்டாம். இரையை நீண்ட இடுக்கியில் பிடித்து, வெதுவெதுப்பாக, பார்வை உள்ள பக்கத்திலிருந்து நீட்டுங்கள். தூக்கும்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே கையைக் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். அடுத்து வரும் மூன்று நான்கு சட்டைகளையும் தலைப்பக்கம் நனைத்து விரித்துப் பாருங்கள், எஞ்சிய கண்ணின் கிண்ணம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.